சனிக்கிழமைத் துண்டுகள்

ஜூலை, இரண்டாவது சனிக்கிழமை. ஹப்சிகுடா, ஹைதராபாத்.

காலையில் பேரன் ஆதித்யாவுக்கும் எனக்கும் எண்ணெய்க் குளியல். அப்போது பயன்படுத்திய துண்டுகள் அந்த வாரத்துத் துண்டுகளோடு சேர்த்துத் துவைக்கப்பட்டு, டிரையரில் போடப்பட்டன. டிரையர் தன் ஓட்டத்தை முழுவதும் முடிக்கும் முன் என்னால் நிறுத்தப்பட்டது. துண்டுகள் சூட்டோடு மடித்து அடுக்கப்பட்டு, பிளாஸ்டிக் கூடையில், சமையலறையை ஒட்டிய யுடிலிட்டி பால்கனியில் வைக்கப்பட்டன. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூடையிலிருந்து புகை வந்தது. முதலில் பார்த்தவன் ஆதித்யா. அப்போது அடுப்பில் மிளகு ரசம் சூடாகிக்கொண்டிருந்தது. நான் அடுப்பின் அருகே நின்றிருந்தேன். அடுப்பை அணைத்தேன், ஆதித்யாவை வாசலுக்கு வெளியே நிறுத்தினேன், கூடையின் மேல் வாளித் தண்ணீரைக் கொட்டினேன். காவலாளி தீயணைப்பு உருளையோடு வந்து, அணைந்துவிட்ட கூடையின் மீதும் அணைத்துவிட்ட அடுப்பின் மீதும் பொடி அடித்தார். யாருக்கும் காயமில்லை. துண்டுகளும் கூடையும் சுவரின் வண்ணத்தில் ஒரு பகுதியும் கருகின.

மாலையில் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் வந்த செய்தி: தனியாக வசிக்கும் முதியவர் அடுப்பை அணைக்க மறந்ததால் தீ.

இரவுக்குள் மருமகன் வந்து ஆதித்யாவை அழைத்துக்கொண்டு போனார்.

நடந்தவை இவ்வளவே. இனி எழுதுவதில் என் கருத்துகள் கலந்திருக்கும்.

1

தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவருக்கு முதலில் தோன்றுவது, ஹைதராபாத் வெயிலில் துணி காயவைக்க இயந்திரம் எதற்கு என்பதாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. காரணம் எங்கள் சங்கத்தின் தீர்மானம் ஒன்றில் இருக்கிறது. முன்பக்கப் பால்கனியில் துணி காய்ந்தால் கட்டடத்தின் தோற்றம் கெடுமாம், ஆகவே தடை. மொட்டை மாடி சூரியத் தகடுகளுக்குப் போய்விட்டது, ஆகவே பூட்டு. மாடிப்படியின் ஒவ்வொரு திருப்பத்திலும் குட்கா எச்சில் சுவரில் வழிந்து காய்ந்திருக்கிறது. அதனால் தோற்றம் கெடுவதாகத் தீர்மானம் ஏதுமில்லை. வெளுத்த வேட்டி வெயிலில் காய்வது அசிங்கம், அந்தச் சிவப்பு அசிங்கமில்லை என்று கருதும் மனிதர்களோடு ஒரே மின்தூக்கியில் நான் தினமும் ஏறி இறங்குகிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஊரில் இருக்கிறேன். வேதிப் பொறியியல் கற்பித்தேன். அதில் உலர்த்துதல் என்று ஒரு பகுதி உண்டு. அதை ஆண்டு தவறாமல் கரும்பலகையில் எழுதி அழித்தவன் நான். ஆகவே என் மகள் உமா இந்த டிரையரை வாங்கி மாட்டிய அன்று, "அப்பா, இனிமே உங்க சப்ஜெக்ட் வீட்டுலயே ஓடும், அட்டெண்டன்ஸ் மட்டும் எடுத்துக்குங்க" என்றாள். அதற்கு அடுத்த வருடம் அவளுக்கு நோய் தெரிந்தது. போன ஆடியில் போய்விட்டாள். இந்த ஆடியில் முதல் ஆண்டுத் திதி வருகிறது.

உமா கல்லூரியில் படித்தபோதே என் மனைவி காலமானாள். உமாவின் கணவர் பிரகாஷ், வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. இப்போது குகட்பள்ளியில் வீடு, கணினி வேலை, இரவும் பகலும் மாறி வரும். அதனால் எட்டு வயது ஆதித்யா வெள்ளி மாலை என்னிடம் வந்து ஞாயிறு வரை இருப்பான். உமா மருத்துவமனையில் இருந்தபோது என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: "அப்பா, அவனுக்குச் சனிக்கிழமை எண்ணெய் மட்டும் விட்டுறாதீங்க."

விடவில்லை.

2

டிரையரின் தத்துவம் எளிது. உருளை சுழல்கிறது. சூடான காற்று துணிகளின் ஊடே சென்று ஈரத்தை வாங்கிக்கொண்டு, ஒரு வலையைத் தாண்டி, நெளிகுழாய் வழியாகச் சன்னலுக்கு வெளியே போகிறது. காற்றின் வழி அடைபடாதவரை துணி காயும். பராமரிப்பு என்பதெல்லாம் அந்த வழியைத் திறந்து வைப்பதுதான்.

வலையில் சேர்வதைப் பஞ்சு என்கிறார்கள். அந்த நல்ல சொல்லுக்கு அது தகுதியற்றது. நூல் துகளும் மயிரும் தோல் உதிரலும் பிசைந்து, சாம்பல் நிறத்தில் படிந்திருக்கும்; விரலால் நெம்பினால் செத்த பிராணியின் தோல்போல ஒரே தகடாக உரிந்து வரும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் அதை உரித்தெடுக்க வேண்டும். நான் உரித்தேன். ஒரு தடவைகூட அருவருப்பில்லாமல் உரித்ததில்லை.

ஜூன் மாதத்தில் துணிகள் காய அதிக நேரமாயிற்று. முறைப்படி தேடினேன். சலவை இயந்திரம் நீரைச் சரியாகப் பிழிகிறதா? பிழிந்தது. உருளையில் துணி அதிகமா? இல்லை. நெளிகுழாயின் வெளிவாயில் புறா ஒன்று குச்சிகளைச் செருகி, எச்சத்தால் பூசி, இரண்டு முட்டைகளும் இட்டிருந்தது. இந்த நகரத்தில் புறாக்களுக்குத் தானியம் வீசுவது புண்ணியம். அதன் விளைவைச் சுரண்டுவது என்னைப் போன்றவர்களின் வேலை. சுரண்டினேன். அப்படியும் துணி சரியாகக் காயவில்லை.

பிறகு வலையைக் கழற்றிக் குழாயடியில் காட்டினேன். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த வலையில் தண்ணீர் ஊடே போகாமல் மேலேயே தேங்கி நின்றது. கண்ணிகளில் ஏதோ ஒரு படலம். பாத்திர சோப்பும் பழைய பல் தூரிகையுமாகத் தேய்த்ததும் தண்ணீர் வழிந்து இறங்கியது. துணிக்கு மணமூட்டும் திரவத்தின் படலம் என்று முடிவுகட்டி அதை நிறுத்தினேன். இரண்டு வாரத்தில் படலம் மீண்டும் வந்தது. மீண்டும் தேய்த்தேன், காரணத்தை மீண்டும் கேட்கவில்லை. அலமாரியில் மடித்து வைத்த துண்டுகளில் பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்தது போன்ற வாடை இருந்தது. அதை மழைக்கால வாடை என்று எண்ணினேன். ஒரு மாணவன் இப்படிச் செய்திருந்தால் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

3

ஆதித்யாவுக்குத் தமிழ் புரியும். பதில் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ வரும். நான் தமிழில் கேட்பேன், அவன் தெலுங்கில் சொல்வான். யாரும் யாரையும் திருத்துவதில்லை. சீயக்காய் பட்டால் "கள்ளு மண்டுதுன்னாயி தாத்தா!" என்று கத்துவான். தெலுங்கில் கள்ளு என்றால் கண்கள். கண் எரிகிறதாம். அவன் இதை முதல்முறை சொன்னபோது உமா சிரித்துவிட்டு, "நம்ம வீட்டுல இப்பதான்பா கள்ளுச் சத்தம் கேக்குது" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை குளித்து முடித்தபின் அவனுக்கு இணையவழிச் சதுரங்க வகுப்பு இருந்தது. டிரையரின் இரைச்சல் அவனுக்கு இடைஞ்சலாக இருந்தது.

"தாத்தா, ஆஃப் செய்யி ப்ளீஸ். சார் வாய்ஸ் வினபடட்லேது."

வாத்தியார் பேசுவது காதில் விழவில்லை என்கிறான். போய்ப் பார்த்தேன். துண்டுகள் காய்ந்திருந்தன. கடைசிப் பகுதிதான் மீதி: சூடு நின்று, உருளை மட்டும் சுழன்று துணியை ஆறவைக்கும் பகுதி. காய்ந்த துணிக்கு அது எதற்கு என்று நிறுத்தினேன். அந்தப் பகுதியின் தேவையைப் பற்றி வகுப்பில் நான் பேசியதில்லை. பாடப் புத்தகத்தில் அது இல்லை.

மதியம் தட்டு எடுக்கப் போனவன் யுடிலிட்டி கதவருகே நின்றுவிட்டான்.

"தாத்தா, பொக! பொக வஸ்துந்தி!"

அவன் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கூடையின் நடுவிலிருந்து, மேல் துண்டு கருகாமலேயே, மஞ்சளாகப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. காறலெடுத்த நல்லெண்ணெயைக் காய்ச்சிய நாற்றம். அந்த நாற்றம் பல நாள் சோற்றிலும் இருந்தது.

4

சங்கத்தின் செயலாளர் மறுநாள் காலையில் இரண்டு பேரோடு வந்தார். "மாஸ்டாரு, ஏமனுகோகண்டி" என்று தொடங்கினார். தப்பாக நினைக்க வேண்டாம் என்று பொருள். தப்பாக நினைக்கத் தக்கது பின்னால் வருகிறது என்பது முப்பது ஆண்டு அனுபவம்.

வந்தது. தனியாக வசிக்கும் முதியோருக்கு ஓர் உறுதிமொழிப் படிவம்: உறவினர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். அடுப்பு அணைக்கப்பட்டிருந்தது என்றேன். "இருக்கலாம் மாஸ்டாரு. ஆனால் அணைத்ததாக உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதானே?" என்று தெலுங்கில், மிக மரியாதையாகக் கேட்டார். உடன் வந்தவர், அடுப்பின் மீது காவலாளி அடித்த பொடியைப் படமெடுத்துக்கொண்டார். குழுவில் அது தீ பிடித்த அடுப்பாகப் போய்ச் சேர்ந்தது. கீழே கூப்பிய கைகள் வரிசையாக வந்தன. கடவுள் காத்தார் என்றார்கள். என்னை ஒருபோதும் ஏறிட்டுப் பார்க்காத ஒருவர், பெரியவர் வீட்டை விற்கும் எண்ணத்தில் இருக்கிறாரா என்று விசாரித்திருந்தார். கைகள் எந்தக் கேள்விக்குக் கூப்பப்பட்டவை என்று பிரித்தறிய முடியவில்லை.

அடுத்து, பிரகாஷ் அழைத்துச் சொன்னதன் பேரில், டிரையரைச் சோதிக்க நிறுவனத்துப் பழுதுபார்ப்பவர் வந்தார். சுவரின் கருகலைப் பார்த்தார். டிரையரைத் தொடவில்லை. கைப்பேசியில் எதையோ தட்டிவிட்டு என்னிடம் நீட்டினார்: மின்பலகையில் கசிவு, இயந்திரக் கோளாறு.

"மூடியைத் திறந்து பார்க்கவில்லையே?" என்று இந்தியில் கேட்டேன்.

"தேக்னா கைக்கு சாப்? ஜல் கயா நா." எரிந்ததே போதுமாம், பார்ப்பதற்கு என்ன இருக்கிறது. "சைன் மாரோ, நயா மெஷின் ஆதா. கைக்கு டென்ஷன்?"

கையெழுத்திட்டால் புது இயந்திரம் வரும். கவலை எதற்கு என்கிறார். நானே திருகாணிகளைக் கழற்றி மின்பலகையைக் காட்டினேன். கரி இல்லை, உருகல் இல்லை. அதை எட்டிப் பார்த்துவிட்டு, "ஹவ் சாப், அச்சா ஹை" என்று ஒப்புக்கொண்டார். ஆனால் நீட்டிய கைப்பேசியை இழுத்துக்கொள்ளவில்லை. நல்ல பலகைக்கு மரணச் சான்று எழுதுவதில் அவருக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

கையெழுத்து இடவில்லை. யோசித்துச் சொல்வதாக அனுப்பினேன்.

5

அன்று மாலை பிரகாஷ் தொலைபேசியில் அழைத்தார். அதே குகட்பள்ளிக் காலனியில் இருக்கும் அவருடைய அக்காவுக்கு ஆதித்யா என்னிடம் தங்குவதில் முன்பிருந்தே விருப்பமில்லை. இப்போது அவருக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

"மாமா, அந்த டெக்னீசியன் ரிப்போர்ட்ல சைன் பண்ணிடுங்களேன். மெஷின் ஃபால்ட்னா அக்கா வாயைத் தொறக்க மாட்டாங்க. ஆதியை வெள்ளிக்கிழமையே கொண்டாந்து விட்டுர்றேன்."

"அது உண்மையில்லை மாப்பிள்ளை."

"சரி, அடுப்புன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது உண்மையா?"

"அதுவும் இல்லை."

"அப்ப எதுதான் மாமா? எனக்கு ஏதாவது ஒண்ணு வேணும். கையில ஒண்ணுமில்லாம அக்காகிட்ட எப்படிப் பேசறது?"

"அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியா வாங்க. காட்டறேன்."

அந்த நாற்றத்திலிருந்தே எழுந்த சந்தேகம் இடையில் இருந்த நாட்களில் உறுதியாகிவிட்டது. வலையின் படலத்தையும் பெயின்ட் வாடையையும் மஞ்சள் புகையையும் சேர்த்து வைத்தபோது வேறு முடிவுக்கு இடமில்லை. அந்த முடிவு எனக்குச் சாதகமாக இல்லை. இயந்திரத்தின் மேல் பழியைப் போட்டால் பேரன் வருவான். அடுப்பு என்றால் என் மூளை போய்விட்டது, வரமாட்டான். உண்மையைச் சொன்னால், உமா கேட்டுக்கொண்ட காரியமே தீயை மூட்டியது என்று ஆகும். அந்தக் காரியமும் போகலாம், பிள்ளையும் போகலாம்.

இதே டிரையர் எங்கள் கட்டடத்தில் வேறு வீடுகளிலும் இருக்கிறது. மேல்மாடியில் கோயம்புத்தூர்க்காரர்கள், கைக்குழந்தையோடு. குழந்தைக்குத் தினமும் எண்ணெய் தேய்க்கிறார்கள். துண்டுகள் எங்கே காய்கின்றன என்பது எனக்குத் தெரியும். ஒரு கையெழுத்தினால் அந்த வீட்டை ஏமாற்ற நான் படிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரகாஷ் வந்தார். எண்ணெய்க் குளியலுக்குப் பயன்படுத்தி, வழக்கம்போலத் தண்ணீரில் துவைத்த துண்டுகள் ஒரு பங்கு. எண்ணெய் படாத துண்டுகள் ஒரு பங்கு. இரண்டையும் தனித்தனியே உலர்த்தி, ஆறவிடாமல் நிறுத்தி, சூட்டோடு மடித்துத் தனித்தனி இரும்பு வாளிகளில் அடுக்கினேன். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வெப்பமானி. பக்கத்தில் தண்ணீர், ஈர மணல்.

"மாமா, எவ்வளவு நேரம் இதையே பாத்துட்டு இருக்கணும்?"

"ஒண்ணு இறங்கும். இன்னொண்ணு இறங்கிட்டு ஏறும். அதுவரைக்கும்."

எண்ணெய் படாத துண்டுகள் ஒழுங்காக ஆறின. எண்ணெய்த் துண்டுகளும் முதலில் கொஞ்சம் ஆறின. பிறகு நின்றன. பிறகு, அடுப்பும் இல்லாமல், மின்சாரமும் இல்லாமல், வெப்பமானியில் அளவு ஏறத் தொடங்கியது. பிரகாஷ் முழங்காலிட்டு உட்கார்ந்தார்.

"எப்படி மாமா? இங்க ஒண்ணுமே இல்லையே."

சொன்னேன். நல்லெண்ணெய் காற்றோடு சேர்ந்து மெல்ல இறுகும் இயல்புடையது. அப்போது சூட்டை வெளிவிடும். சலவைத் தண்ணீரில் அது முழுதாகப் போவதில்லை, நூலுக்குள் தங்கிவிடும். டிரையர் கொடுத்த சூடு அதை விரைவுபடுத்தும். விரித்துப் போட்ட துண்டில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். அடுக்கிய துண்டில் போக வழியில்லை; சூடு எண்ணெயை விரட்டும், எண்ணெய் சூட்டை விரட்டும். நூல் கருகும் வரை. வெப்பமானியில் அளவு ஏறுவதைப் பார்த்தது போதும் என்று, புகைக்குக் காத்திராமல் தண்ணீரை ஊற்றினேன். வாளியிலிருந்து அதே நாற்றம் கிளம்பியது. பிரகாஷ் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அப்ப அன்னைக்கும்... சனிக்கிழமை எண்ணெய்தான்."

"ஆமா."

"இதைச் சொன்னா அக்கா என்ன சொல்வாங்கன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"சொல்லாம விட்டுருக்கலாம் மாமா. நான் கேக்கவே இல்லையே."

"சொல்லாம விட்டா, நாளைக்கு உங்க வீட்டுலயும் யாராவது இப்படி மடிச்சு வைப்பாங்க."

பிரகாஷ் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல், நனைந்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எண்ணெய் விஷயம் உமா என்கிட்டயும்தான் சொன்னா மாமா. 'மறக்காதே'ன்னா. ஒரு வாரம்கூட நான் செய்யல."

நான் நனைந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிழியத் தொடங்கினேன்.

6

சங்கத்துக்கு நடந்ததை எழுதிக் கொடுத்தேன். எண்ணெய் பட்ட துணிகளை வெந்நீரிலும் சோப்பிலும் துவைக்க வேண்டும், டிரையரில் போடக் கூடாது, தவறிப் போட்டால் முழுதாக ஆறவிட்டு விரித்து வைக்க வேண்டும், அடுக்கக் கூடாது என்று தெளிவாக எழுதினேன். மேல்மாடிக் கோயம்புத்தூர்க்காரரிடம் நேரில் போய்ச் சொன்னேன், குழந்தையின் தாய் அப்போதே அலமாரியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "ஐயோ சார், இந்த வாசம்தானுங்களா?" என்றாள்.

சங்கத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. சமையல் எண்ணெய் தடவிய துணிகளைத் துவைக்க விரும்புவோர் முன் அனுமதி பெற வேண்டுமாம். துணிக்கு எண்ணெய் தடவுகிறவர் யார் என்று அதை எழுதியவர் யோசிக்கவில்லை. அடுப்பைப் பற்றிய செய்தி திரும்பப் பெறப்படவில்லை. பொடி பூசிய அடுப்பின் படம் குழுவில் அப்படியே இருக்கிறது. உறுதிமொழிப் படிவத்தைப் பிரகாஷ் கையெழுத்திடாமல் அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் அதைச் செய்ததைச் செயலாளர் புகாராகச் சொல்லித்தான் நான் அறிந்தேன்.

நேற்று பிரகாஷ் அழைத்தார்.

"மாமா, அக்காகிட்ட எல்லாம் சொல்லிட்டேன். 'பையனை அனுப்ப நக்கோ, வேணாம்'னாங்க. நான் அனுப்பல, கூட்டிட்டுப் போறேன்னேன். சனிக்கிழமை காலைல வர்றோம். நானும் இருக்கேன்."

"நைட் ஷிப்ட்டுன்னீங்களே?"

"முடிச்சிட்டு நேரா வர்றேன். துண்டெல்லாம் எங்க காயப் போடுவீங்க?"

"முன் பால்கனியில."

"ஃபைன் போடுவாங்க மாமா."

"போடட்டும்."

முதல்முறையாகச் சிரித்தார். காவலுக்கு வருகிறாரா, துணைக்கு வருகிறாரா என்று நான் கேட்கவில்லை. இரண்டில் எதுவானாலும் என் வீட்டில் சனிக்கிழமை மூன்று பேர் இருப்போம்.

இன்னும் செய்யாதவை:

நெளிகுழாயை மாற்றி, வெளிவாயில் கம்பி வலை பொருத்துவது.

அடுப்பின் துளைகளில் மிஞ்சியிருக்கும் பொடியை ஊசியால் எடுப்பது.

முன் பால்கனியில் கொடி கட்டுவது. கயிறு வாங்கியாகிவிட்டது; ஆணி அடிக்கவில்லை.

ஆண்டுத் திதிக்குப் புரோகிதரிடம் நாள் உறுதி செய்வது.

சனிக்கிழமை பிரகாஷுக்கும் சேர்த்து எண்ணெய் காய்ச்சலாமா என்று அவரிடம் கேட்பது.